பூட்டிய கதவும் விமானியின் துப்பாக்கியும்: வாசகர் கேள்வி-பதில்

அமெரிக்காவில் சில விமானிகள் இடுப்பில் துப்பாக்கியுடன் விமானம் ஓட்டுகிறார்கள் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றியே கடிதங்கள் குவிந்துவிட்டதால், இம்முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

பயணியிடம் சின்னக் கத்தரிக்கோல் இருந்தாலே பிடுங்கி வைத்துக்கொள்ளும் காலத்தில், விமானி துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறதா? எப்படி வந்தது இந்த ஏற்பாடு?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்*

அனுமதிப்பதோடு நிற்கவில்லை, துப்பாக்கியைக் கொடுப்பதும் பயிற்சி அளிப்பதும் அந்நாட்டு அரசுதான். 2001 செப்டம்பர் 11 அன்று 19 பேர் நான்கு விமானங்களைக் கடத்தி, ஏறத்தாழ 3,000 பேரின் உயிரைப் பறித்தார்கள். அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் சிறு கத்திகளே. அதுவரை விமானிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்த பாடம், கடத்துபவனோடு மோதாதே, அவன் கேட்பதற்கு இணங்கிப் போ, எப்படியாவது விமானத்தைத் தரையில் இறக்கு என்பதுதான். கடத்துபவனுக்கு வேண்டியது பணமோ, சிறையில் இருக்கும் கூட்டாளியோ, ஓர் அரசியல் அறிவிப்போதான். அவனுக்கும் உயிர் மேல் ஆசை இருக்கும் என்ற அனுமானத்தில் எழுதப்பட்ட பாடம் அது. விமானத்தையே குண்டாக்கப் போகிறவனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அன்றைய நான்காவது விமானமான யுனைடெட் 93-இன் விமானி அறைக்குக் காலை 9.24-க்குத் தரையிலிருந்து ஓர் எழுத்துச் செய்தி போகிறது: விமானி அறைக்குள் யாரேனும் நுழையக்கூடும், எச்சரிக்கை. நம்ப முடியாத கேப்டன் 9.26-க்கு, செய்தியை உறுதிசெய்யும்படி திருப்பிக் கேட்கிறார். 9.28-க்கு அறை கடத்தல்காரர்கள் கையில். எச்சரிக்கை வந்தும், அந்த நான்கு நிமிடங்களில் அங்கிருந்த இருவருக்கும் தற்காத்துக்கொள்ள ஒரு கருவி இல்லை என்பதைத்தான் அமெரிக்க விமானிகள் சங்கத்தினர் பிறகு ஓயாமல் சொல்லிவந்தார்கள்.

பலர் நினைப்பதுபோல் அன்றைய புஷ் அரசு இதை விரும்பிச் செய்யவில்லை. போக்குவரத்து அமைச்சர் நார்மன் மினெட்டா எதிர்த்தார். போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தலைவராக இருந்த ஜான் மெகா, 2002 மே மாதம் செனட் குழுவின் முன் அமர்ந்து, விமானிகளுக்குத் துப்பாக்கி தரப்போவதில்லை என்று அறிவித்தார். விமான நிறுவனங்களும் வேண்டாம் என்றன. ஆனால் விமானிகள் விடவில்லை. விமானிகளில் 2 சதவீதத்தினருக்கு மட்டும், அதுவும் இரண்டாண்டுச் சோதனையாக என்று தொடங்கிய மசோதா, கீழவையில் அந்த வரம்பெல்லாம் நீக்கப்பட்டு 2002 ஜூலையில் 310-க்கு 113 என்ற வாக்கில் நிறைவேறியது. செனட்டில் 87-க்கு 6. கீழவையில் கட்சி பேதமின்றி விழுந்த வாக்குகளைப் பார்த்த பிறகு அரசு தன் நிலையை மாற்றிக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை உருவாக்கிய பெரிய சட்டத்தின் ஒரு பகுதியாக இதுவும் சட்டமாயிற்று. 2003 ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்தில் முதல் அணியினர், 40-க்கும் மேற்பட்டவர்கள், பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். சரக்கு விமானிகள் முதலில் விடுபட்டிருந்தனர். அவர்கள் போராடி அந்த ஆண்டு இறுதியில் இடம்பெற்றார்கள்.

விரும்பி முன்வருபவர்களுக்கு மட்டுமே இந்தத் திட்டம். பின்னணி விசாரணை, உளவியல் சோதனை, ஏறத்தாழ ஒரு வாரப் பயிற்சி ஆகியவற்றைக் கடந்தவர்கள், விமானி அறையின் எல்லைக்குள் மட்டும் அதிகாரம் உள்ள மத்திய அரசுக் காவல் அதிகாரிகளாகப் பதவியேற்கிறார்கள். துப்பாக்கி அரசுடையது, அதற்கெனத் தனிச் சம்பளம் கிடையாது. பயிற்சி நிலையம் பின்னர் நியூ மெக்சிகோவில் ஆர்ட்டீசியா என்ற ஒதுக்குப்புறமான ஊருக்கு மாற்றப்பட்டது. அங்கே சொந்தச் செலவில், விடுப்பு எடுத்துக்கொண்டு, போய்ச் சேர்வதே ஒரு பாடு என்று விமானிகள் அலுத்துக்கொண்டார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை குறிபார்த்துச் சுட்டுத் தகுதியைப் புதுப்பிக்கவும் வேண்டும். திட்டத்தைப் பிடிக்காத அதிகாரிகள் வேண்டுமென்றே வழியெங்கும் முள் பரப்பினார்கள் என்பது விமானிகளின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பறக்கும் விமானத்துக்குள் சுட்டால், ஓட்டை விழுந்து விமானமே வெடித்துச் சிதறிவிடாதா? சினிமாவில் அப்படித்தானே காட்டுகிறார்கள்?
*பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, சிவகாசி*

சிதறாது. விமானத்தின் உட்பகுதி நாம் நினைப்பதுபோல் காற்றுப் புகாத பெட்டி அன்று. என்ஜின் பக்கமிருந்து காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். பின்புறத்தில் உள்ள ஒரு வால்வு, திறப்பைக் கூட்டியும் குறைத்தும் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சேர்ந்துதான் அழுத்தத்தைக் காக்கின்றன. அமெரிக்க விமானிகளுக்குத் தரப்பட்ட கைத்துப்பாக்கியின் குண்டு சுமார் 10 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அந்த அளவு ஓட்டை கூடுதலாக விழுந்தால், வால்வு சற்றே மூடிக்கொண்டு அதைச் சரிக்கட்டிவிடும். 1988-இல் ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 24,000 அடி உயரத்தில் பறக்கையில், உலோகச் சோர்வினால் அதன் மேற்கூரை சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார் என்பது பெருந்துயரம். ஆனாலும் விமானிகள் அதைத் தரையிறக்கினார்கள், மற்ற 94 பேரும் பிழைத்தார்கள்.

அதனால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விமானி அறை ஓர் அலமாரியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். தலைக்கு மேலும், முன்னும், இரு இருக்கைகளுக்கு நடுவிலும் கருவிகளும் மின்கம்பிகளும். குறி தவறும் குண்டு விமானத்தின் தோலைத் துளைப்பதைவிட, பக்கத்து இருக்கையில் இருப்பவரையோ ஒரு முக்கியக் கருவியையோ துளைப்பதுதான் பெரிய கவலை. கதவின் மறுபுறம் முதல் வரிசைப் பயணிகள் அமர்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை ஆண்டுகளில் அமெரிக்க விமானி எவராவது உண்மையில் சுட்டிருக்கிறாரா?
*ஆட்டோ ஓட்டுநர், திருநெல்வேலி*

கடத்தல்காரனை நோக்கிச் சுட்டதில்லை. கை தவறிச் சுட்டதுண்டு. 2008 மார்ச் 22, சனிக்கிழமை. டென்வரிலிருந்து சார்லட் நகருக்குப் போன யுஎஸ் ஏர்வேஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ319 விமானம், 124 பயணிகளும் ஐந்து பணியாளர்களும் உள்ளே. தரையிறங்கும் பொருட்டுத் தாழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், கேப்டன் தன் துப்பாக்கியைப் பத்திரப்படுத்த முயன்றபோது அது வெடித்தது. குண்டு விமானி அறையின் இடப்பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. யாருக்கும் காயமில்லை; விமானம் வழக்கம்போல் இறங்கியது.

எப்படி நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அப்போதைய விதிப்படி, அறையின் கதவு மூடியிருக்கும்போது மட்டுமே துப்பாக்கி விமானியின் உடலில் இருக்கலாம். கழிவறைக்குப் போகவோ, தரையிறங்கிய பின் வெளியேறவோ வேண்டுமென்றால் கழற்றிப் பூட்டிவிட வேண்டும். அதற்கெனத் தந்த உறையில் ஒரு துளை இருந்தது. துப்பாக்கியை உறைக்குள் செருகி, அந்தத் துளை வழியாக ஒரு பூட்டின் வளைகம்பியை நுழைத்து அழுத்திப் பூட்ட வேண்டும். கம்பி போகும் பாதை, துப்பாக்கியின் விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் ஊடாக. துப்பாக்கி உறையின் அடிவரை சரியாக இறங்காமல் சற்றே மேலே நின்றுவிட்டால், நுழைகிற கம்பி விசைக்குப் பின்னால் போவதற்குப் பதில் முன்னால் வந்து நிற்கும். பூட்டை அழுத்தும்போது விசையும் அழுத்தப்படும். இருட்டில், குறுகலான இருக்கையில், ஒரு கண் கருவிகள் மேல் இருக்க, குண்டு நிரப்பிய துப்பாக்கியில் ஒருவர் இதைச் செய்ய வேண்டும். விமானிகள் அந்த உறையைப் பற்றி முன்பே புகார் சொல்லியிருந்தார்கள்.

துப்பாக்கி வெடித்துவிடக் கூடாதே என்பதற்காகப் போட்ட பூட்டுதான் அதை வெடிக்க வைத்தது. கடத்தல் என்பது ஒரு விமானியின் வாழ்நாளில் பெரும்பாலும் வரவே வராத நாள்; துப்பாக்கியை எடுப்பதும், மாட்டுவதும், கழற்றுவதும், பூட்டுவதும், விமான நிலையத்துக்குள்ளும் விடுதிக்கும் சுமந்து செல்வதும் அன்றாடம். ஆபத்தைக் கணக்கிடுகிறவர்கள் கடத்தல் நாளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இந்த அன்றாடத்தை விட்டுவிடுகிறார்கள்.

விமானி அறையில் இருப்பவர்கள் துப்பாக்கியால் கடத்தலை முறியடித்த நிகழ்ச்சி உலகில் எங்குமே இல்லையா?
*பள்ளி ஆசிரியர், யாழ்ப்பாணம்*

உண்டு. 1983 நவம்பரில் சோவியத் ஒன்றியத்தின் ஜார்ஜியாவில், திபிலீசியிலிருந்து புறப்பட்ட ஏரோஃப்ளோட் விமானத்தை, துருக்கிக்குக் கொண்டுபோகும் நோக்கத்துடன் வசதியான வீட்டு இளைஞர்கள் அடங்கிய ஒரு குழு கடத்த முயன்றது. கதவைத் திறக்கவைத்து உள்ளே புகுந்தவர்கள் விமானி அறையிலேயே இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் காலத்தில் சோவியத் விமானப் பணியாளர்கள் சிலரிடம் கைத்துப்பாக்கி இருந்தது. திரைக்குப் பின்னால் அமர்ந்திருந்த வழிகாட்டி அலுவலர் திருப்பிச் சுட்டார், கேப்டனும் சுட்டார், கூடவே விமானத்தைக் கடுமையாக மேலும் கீழும் உலுக்கி, நின்றுகொண்டிருந்தவர்களை நிலைகுலைய வைத்தார்கள். கடத்தல்காரர்கள் அறையைவிட்டு வெளியே தள்ளப்பட்டனர், கதவு பூட்டப்பட்டது, விமானம் திபிலீசிக்கே திரும்பியது. மறுநாள் அதிரடிப் படை உள்ளே புகும்வரை பயணிகள் பணயமாகவே கிடந்தார்கள், அவர்களிலும் பணியாளர்களிலும் சிலர் உயிரிழந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கி விமானத்தை எல்லை தாண்டவிடாமல் காத்தது. பயணிகளை அதனால் காக்க முடியவில்லை.

அந்த உலுக்கல், இன்னொரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறது. 1970 செப்டம்பர் 6, ஆம்ஸ்டர்டாமிலிருந்து நியூயார்க் போன இஸ்ரேலின் எல் அல் விமானத்தை பாலஸ்தீனப் போராளி லைலா காலிதும் அவருடைய கூட்டாளி ஒருவரும் கடத்த முயன்றார்கள். கேப்டன் ஊரி பார்-லெவ் கதவைத் திறக்கவில்லை, துப்பாக்கியையும் தேடவில்லை. பயணிகள் இருக்கைப் பட்டை அணிந்திருக்கிறார்கள், கடத்துபவர்கள் நிற்கிறார்கள் என்ற ஒரே கணக்கில், போயிங் 707-ஐத் திடீரெனக் கடுமையாகச் சரித்துக் கீழே பாய்ச்சினார். நின்றவர்கள் தூக்கியெறியப்பட்டார்கள், விமானத்தில் இருந்த பாதுகாவலர் ஒருவர் கூட்டாளியைச் சுட்டார், காலிது பிடிபட்டார். லண்டனில் இறக்கினார்கள். விமானிக்கு அவர் ஓட்டும் விமானத்தைவிட வலிமையான ஆயுதத்தை எந்த அரசும் தர முடியாது என்று நான் நினைப்பதற்கு இந்தக் கேப்டனே காரணம்.

குண்டு துளைக்காத கதவு வந்துவிட்டதே. அதன் பிறகும் துப்பாக்கி எதற்கு?
*மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்*

துப்பாக்கியை ஆதரிப்பவர்களிடமும் எதிர்ப்பவர்களிடமும் கேட்கத் தக்க கேள்வி இதுதான். அமெரிக்காவில் 2003 ஏப்ரலுக்குள்ளும், பன்னாட்டு விதிப்படி அவ்வாண்டு நவம்பர் முதலும் பெரிய பயணிகள் விமானங்களில் வலுவூட்டிய கதவு கட்டாயமாயிற்று. கைத்துப்பாக்கிக் குண்டையும் இடித்துத் தள்ளுவதையும் தாங்கக்கூடியது. ஆனால் கதவு பூட்டியிருந்தால்தான் அது கதவு. நீண்ட பயணத்தில் விமானிகள் கழிவறைக்கு வர வேண்டும், அவர்களுக்கு உணவு உள்ளே போக வேண்டும். அந்த நேரத்தில் பணியாளர் ஒருவர் உணவுத் தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்திக் காவல் நிற்பதைப் பல விமானங்களில் முன்வரிசையில் அமர்ந்தவர்கள் பார்த்திருக்கலாம். முன்வரிசையிலிருந்து அறைக்கு இரண்டே எட்டு. அந்தச் சில வினாடிகளுக்குத்தான் துப்பாக்கி என்பது அமெரிக்கத் திட்டத்தின் உண்மையான நியாயம்.

அந்தச் சில வினாடிகளை அடைக்க வேறு வழியும் இருக்கிறது. அறைக் கதவுக்கு முன்னால் மடக்கக்கூடிய இன்னொரு தடுப்பு. விமானி வெளியே வருமுன் அதை இழுத்துப் பூட்டிக்கொண்டால், ஓடிவருபவன் அதைக் கடப்பதற்குள் உள்கதவை மூடிவிடலாம். செப்டம்பர் 11 அன்று இரண்டாவது கோபுரத்தில் மோதிய விமானத்தின் கேப்டன் விக்டர் சாரசீனியின் மனைவி எல்லென் சாரசீனி இதற்காகப் பல ஆண்டுகள் அலைந்தார். 2018-இல் புதிய விமானங்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதி 2023-இல்தான் வந்தது. துப்பாக்கிச் சட்டம் 14 மாதங்களில் நிறைவேறிய அதே நாட்டில், கம்பித் தடுப்புக்கு விமானிகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. தடுப்புக்குச் செலவு விமான நிறுவனங்களுடையது. துப்பாக்கிக்குச் செலவு அரசுடையதும் விமானியுடையதும். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆபத்து உள்ளே இருப்பவரிடமிருந்தே வந்தால்?
*செவிலியர், மதுரை*

2015 மார்ச் 24 அன்று பார்சலோனாவிலிருந்து டுசல்டார்ஃப் போன ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் கேப்டன் கழிவறைக்குப் போன சமயம் பார்த்து, துணை விமானி உள்ளே தாழிட்டுக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் மாண்டார்கள். வெளியிலிருந்து குறியீட்டு எண்ணை அழுத்தினாலும், உள்ளே இருப்பவர் ஒரு பொத்தானைத் தட்டி ஐந்து நிமிடங்களுக்கு அதைச் செயலிழக்கச் செய்துவிடலாம். கடத்தல்காரனைத் தடுப்பதற்காகச் செய்த வசதி அது. அவருக்குத் துப்பாக்கி தேவைப்படவில்லை. எனவே, மனம் பிறழ்ந்த விமானியிடம் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்ற வாதம் முழு வாதம் ஆகாது. விமானத்தையே அவரிடம் கொடுத்திருக்கிறோம்.

ஆனாலும் துப்பாக்கி ஒன்றைக் கூட்டுகிறது: பக்கத்தில் இருப்பவர் தடுக்கக்கூடிய சண்டையை, தடுக்க முடியாததாக ஆக்குகிறது. 2022 ஆகஸ்டில் ஓர் அமெரிக்க விமானத்தில், நோயுற்ற பயணிக்காக விமானத்தை வேறு ஊரில் இறக்கலாமா என்று கேப்டன் யோசித்தபோது, அப்படித் திருப்பினால் சுட்டுவிடுவேன் என்று துணை விமானி மிரட்டியதாக 2023-இல் குற்றம் சாட்டப்பட்டது. அவர் இந்தத் திட்டத்தின் கீழ் துப்பாக்கி பெற்றவர்.

1999-இல் காத்மாண்டுவிலிருந்து வந்த நம் விமானத்தின் கேப்டனிடம் துப்பாக்கி இருந்திருந்தால் காந்தஹார் வரை போயிருக்காதல்லவா?
*முன்னாள் ராணுவ வீரர், வேலூர்*

ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் போயிருக்கும் என்றே அஞ்சுகிறேன். ஐசி 814-இல் ஏறியவர்கள் ஐந்து பேர், துப்பாக்கியும் கையெறி குண்டும் கத்தியும் வைத்திருந்தவர்கள். விமானி அறைக்குள் வந்தவனை கேப்டன் தேவி சரண் சுட்டிருந்தாலும், மற்றவர்கள் பயணிகள் பகுதியில் இருந்தார்கள். அமிர்தசரஸில் விமானம் நின்றபோது, நேரம் கடத்தப்படுகிறது என்ற ஆத்திரத்தில் அவர்கள் கத்தியால் குத்தியது பயணிகளை. ரூபின் கட்யால் என்ற இளைஞர் உயிரிழந்தார். பின்னால் ஒருவர் கழுத்தில் கத்தி வைத்திருக்கும்போது, முன்னால் இருக்கும் துப்பாக்கி எந்தப் பேரத்தையும் மாற்றாது. அமெரிக்கத் திட்டத்திலும், பயணிகள் பகுதியில் என்ன நடந்தாலும் விமானி துப்பாக்கியுடன் வெளியே வரக் கூடாது என்பதே விதி. அவர் காக்க வேண்டியது விமானத்தின் கட்டுப்பாட்டை. கேட்பதற்குக் கடினமான விதிதான். அமிர்தசரஸில் தவறியது, தரையில் இருந்தவர்கள் விமானத்தை மீண்டும் எழவிட்டது.

அதன் பின் இந்தியா எடுத்த வழி வேறு. தேசியப் பாதுகாப்புப் படையினர் சாதாரண உடையில் ஸ்கை மார்ஷல்களாகத் தேர்ந்தெடுத்த பயணங்களில் செல்கிறார்கள். 2016-இன் கடத்தல் தடுப்புச் சட்டம், பணயக்கைதியோ பாதுகாப்புப் படையினரோ உயிரிழந்தால் மரண தண்டனை வரை விதிக்கிறது. விமானிகளுக்குத் துப்பாக்கி தரும் திட்டம் நம்மிடம் இல்லை. வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். சுடுவதையே தொழிலாகப் பயின்ற ஒருவர் பயணிகளோடு அமர்ந்திருப்பது, ஒரு வாரம் பயின்ற ஒருவர் இரு கைகளுக்கும் வேலை இருக்கும் இருக்கையில் அமர்ந்திருப்பதைவிட மேல். அந்தப் பணம் இருந்தால் முதலில் இரண்டாம் தடுப்புக்குச் செலவிடலாம். தனியாகப் பறக்கும் சரக்கு விமானிகள் விஷயத்தில் மட்டும் எனக்கு இந்த உறுதி இல்லை: அங்கே பணிப்பெண்ணும் இல்லை, மார்ஷலும் இல்லை. 1994-இல் மெம்ஃபிஸிலிருந்து புறப்பட்ட ஃபெடெக்ஸ் சரக்கு விமானத்தில், இலவசமாக ஏறிவந்த சக ஊழியர் ஒருவர் சுத்தியலால் மூன்று விமானிகளின் மண்டையை உடைத்தார். ரத்தம் வழிய அவரோடு கட்டிப் புரண்டு அடக்கி, விமானத்தையும் இறக்கிய அந்த மூவரிடம் போய், உங்களுக்குத் துப்பாக்கி வேண்டாம் என்று என்னால் வாதாட முடியாது.

அடுத்த மாதம் மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறோம். எங்கள் விமானியிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?
*இல்லத்தரசி, மயிலாப்பூர்*

இல்லை அம்மா. திட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை வெளியிடுவதில்லை. தெரியாமல் இருப்பதே கடத்துபவனைத் தயங்க வைக்கும் என்பது அவர்கள் எண்ணம். நீங்கள் துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ போனால் அந்த நாட்டு நிறுவனங்களின் விமானங்கள் திட்டத்துக்குள் வரமாட்டா. அமெரிக்காவில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறும்போது மட்டும் அந்த வாய்ப்பு உண்டு. ஆர்வத்தில் பணிப்பெண்ணிடம் கேட்டுவிட வேண்டாம். விமானத்தில் துப்பாக்கி என்ற சொல்லைப் பயணி ஒருவர் உச்சரித்தால், அடுத்து அவருடைய மகன் அவரைத் தேடிப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத்தான் வர வேண்டியிருக்கும்.